உள்ளங்கையில் ஒரு ஸ்பெக்ட்ரம்: 64 மைக்ரோ நொடிக் கணக்கு

1980-களின் வீட்டுக் கணினியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமுக்குப் பாதி அளவில், உண்மையாகவே ஓடும் ஒரு நகல் செய்தேன். அசல் 233 மி.மீ. நீளம், 144 மி.மீ. அகலம், 30 மி.மீ. உயரம். எல்லாவற்றையும் பாதியாக்கினால் 116.5 × 72 × 15. கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை. இந்தப் பெட்டியில் நாற்பது விசைகளும் உண்மையாகவே வேலை செய்ய வேண்டும். டிவியில் படம் வர வேண்டும். கேசட் ஒலிப்பதிவிலிருந்து புரோகிராமை ஏற்றும்போது திரையின் ஓரத்தில் அந்த வண்ணக் கோடுகள் ஓட வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் கூடு மட்டும் அழகாக இருந்தால் அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கூடும் கீபோர்டும் பொறுமை இருந்தால் வந்துவிடும். இந்த வேலையில் என்னை இழுத்துப் பிடித்தது நேரக் கணக்கு. அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன், மற்றதைத் தேவையான அளவுக்கு.

1982 ஏப்ரல் 23 அன்று கேம்பிரிட்ஜின் சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் ஸ்பெக்ட்ரமை அறிமுகப்படுத்தியது. 16 கிலோபைட் ராம் உள்ளது 125 பவுண்டு, 48 கிலோபைட் உள்ளது 175 பவுண்டு. அந்த விலைக்குள் அடக்க, ரிச்சர்ட் ஆல்ட்வாசர் வன்பொருளை முடிந்தவரை சிக்கனமாக வடிவமைத்தார்: 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80ஏ செயலி, ஸ்டீவ் விக்கர்ஸ் எழுதிய பேசிக் அடங்கிய 16 கிலோபைட் ரோம், ராம் சில்லுகள், மீதி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஃபெராண்டி நிறுவனம் செய்துகொடுத்த யூஎல்ஏ என்ற தனிச் சில்லு. படம் வரைவது, கீபோர்டைப் படிப்பது, கேசட்டைக் கேட்பது, ஸ்பீக்கரைத் தட்டுவது எல்லாம் அந்த யூஎல்ஏவின் பொறுப்பு. பார்ப்பவர் கண்ணில் படுவது ரிக் டிக்கின்சன் வடிவமைத்த கறுப்புக் கூடும் ரப்பர் விசைகளும்தான். நகல் செய்பவனுக்கோ ஸ்பெக்ட்ரம் என்றால் யூஎல்ஏதான்.

லினக்ஸ் ஓடும் சிறிய போர்டு ஒன்றை உள்ளே வைத்து, பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரைப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அசல், ஸ்விட்சைப் போட்ட ஓரிரு நொடியில் தயாராகிவிடும். நகல் அரை நிமிடம் யோசித்துவிட்டு எழுந்தால் எனக்கு அது ஸ்பெக்ட்ரமாகவே தோன்றாது. உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சில்லை வைத்துச் செய்வது இன்னும் நேர்மையான வழி. இந்தப் பதினைந்து மி.மீ. உயரத்துக்குள் நானே சாலிடர் செய்யக்கூடிய போர்டாக இருக்க வேண்டும் என்பதால் அதையும் தள்ளிவைத்தேன். கடைசியில் ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற குட்டி மைக்ரோகண்ட்ரோலர் போர்டு: 51 × 21 மி.மீ., இரண்டு கோர், 264 கிலோபைட் ராம், வெளியே 26 பின். அதைவிட முக்கியம், அதன் பிஐஓ. மையச் செயலியைத் தொந்தரவு செய்யாமல் பின்களை மிகத் துல்லியமான நேரத்தில் ஆட்டிவைக்கும் குட்டி இயந்திரங்கள் அவை.

படம்: எந்த அதிர்வெண்?

பைக்கோவின் எட்டுப் பின்களிலிருந்து, ஒவ்வொன்றிலும் 270 ஓம் ரெசிஸ்டர் போட்டு, நேரே எச்டிஎம்ஐ சாக்கெட்டுக்கு டிவிஐ என்ற டிஜிட்டல் படச் சிக்னலை அனுப்பலாம். இதற்குத் திறந்த மூல நூலகம் இருக்கிறது. பலரும் பயன்படுத்துவது நொடிக்கு 60 ஃப்ரேம் உள்ள 640 × 480. அதற்குப் பைக்கோவை 252 மெகாஹெர்ட்ஸில் ஓட்ட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ஸ்பெக்ட்ரம் நொடிக்கு 50 முறை படம் காட்டும் 'பால்' (PAL) முறை டிவிக்காகப் பிறந்தது. அதன் ஒரு ஃப்ரேம் 312 வரி. ஒரு வரி 224 கடிகாரத் துடிப்பு. ஆக 69,888 துடிப்பு, நொடிக்கு ஏறத்தாழ 50.08 ஃப்ரேம். இதை 60-இல் காட்டினால் ஐந்து ஃப்ரேமுக்கு ஒரு முறை பழைய படத்தையே மறுபடி காட்ட வேண்டிவரும். நிற்கும் படத்தில் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சீராக நகரும் காட்சியில் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு விக்கல் இருந்துகொண்டே இருக்கும். ஒரு முறை அதைக் கவனித்துவிட்டால் பிறகு விளையாட்டில் மனம் போகாது.

அதனால் 720 × 576, நொடிக்கு 50 ஃப்ரேம் என்ற வகைக்குப் போனேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் இந்த வகை ஸ்பெக்ட்ரமுக்காகவே செய்தது போல் பொருந்துவது தெரிந்தது. இதன் பிக்சல் கடிகாரம் 27 மெகாஹெர்ட்ஸ். மறைந்திருக்கும் பகுதியையும் சேர்த்து ஒரு வரிக்கு 864 பிக்சல், ஃப்ரேமுக்கு 625 வரி. ஒரு வரியின் நேரம் 864-ஐ 27-ஆல் வகுத்தால் சரியாக 32 மைக்ரோ நொடி. ஸ்பெக்ட்ரமின் ஒவ்வொரு வரியையும் டிவிஐயில் இரண்டு முறை காட்டப்போகிறோம், ஆக 64 மைக்ரோ நொடி. ஸ்பெக்ட்ரமின் சொந்த வரி? 224 துடிப்பை 3.5 மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். அதுவும் சரியாக 64.

அதோடு நிற்கவில்லை. தெரியும் 576 வரியைப் பாதியாக்கினால் 288. ஸ்பெக்ட்ரம் படம் 192 வரி, மீதி 96. மேலே 48, கீழே 48 என்று பார்டர், அதாவது படத்தைச் சுற்றியுள்ள ஓரப் பட்டை, கச்சிதமாக உட்காருகிறது. அகலத்தில் 720-இன் பாதி 360. படத்தின் 256 போக, இரு பக்கமும் 52. ஒத்துவராதது ஒன்றே ஒன்று: 625-இன் பாதி 312.5, ஸ்பெக்ட்ரமுக்கோ 312. ஃப்ரேமுக்கு அரை வரி மிச்சம். படம் தெரியாத இடைவெளியில் அந்த 32 மைக்ரோ நொடி சும்மா நின்றால் போதும். நகல் அசலைவிட ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு மெதுவாக ஓடும். காதுக்கும் கண்ணுக்கும் அது எட்டாது.

27 மெகாஹெர்ட்ஸுக்குப் பைக்கோ அதன் பத்து மடங்கில், அதாவது 270-இல் ஓட வேண்டும். இது அதன் பெயரளவு வேகமான 133-இன் இரண்டு மடங்குக்கும் மேல். உள் மின்னழுத்தத்தை 1.1 வோல்ட்டிலிருந்து 1.2-க்கு ஏற்றியதும் நிலையாக ஓடியது. மறக்கக் கூடாத இன்னொன்று, நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம். வழக்கமான இரண்டால் வகுக்கும் அமைப்பில் அதற்கு 135 மெகாஹெர்ட்ஸ் போகும். வகுக்கும் எண்ணை நான்காக்கி, நேரம் முக்கியமான எல்லா நிரலையும் ராமுக்கே நகல் எடுத்துவிட்டேன். இதைச் செய்யாத போர்டுகள் சில நாள் எழும், சில நாள் எழாது. சூடு, மின்சப்ளை என்று எதையெதையோ சந்தேகப்பட வைக்கும் வகைக் கோளாறு அது.

வரிக்கு வரி

எமுலேட்டர்கள் சாதாரணமாக ஒரு முழு ஃப்ரேமுக்கான 69,888 துடிப்பையும் மூச்சு விடாமல் ஓட்டி முடித்துவிட்டு, மீதி நேரம் காத்திருக்கும். மேசைக் கணினியில் அது சரி. இங்கே ஸ்பீக்கர் பின் நிஜம், கேசட் சிக்னல் வரும் பின் நிஜம். ஃப்ரேமை அவசரமாக ஓட்டினால் ஒலி முன்பாதியில் நசுங்கிப்போகும், கேசட்டைக் கேட்கவே முடியாது. ஃப்ரேமின் நடுவில் பார்டர் நிறத்தை மாற்றும் வித்தைகளும் தனியாகப் பதிவுசெய்து பிறகு வரைய வேண்டிய சுமையாகிவிடும்.

வரி நேரம் இரண்டிலும் 64 மைக்ரோ நொடி என்று தெரிந்த பிறகு வழி எளிது. இசட்80-ஐ 224 துடிப்பு மட்டும் ஓட்டு. டிவிஐ பக்கம் அடுத்த வரிச் சோடியைத் தொடங்கும்வரை நில். மறுபடி 224. கட்டளைகள் 224-இன் எல்லையில் சரியாக முடியாது. தாண்டிப்போன துடிப்பை அடுத்த வரியில் கழித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. 64 மைக்ரோ நொடியில் பைக்கோவுக்கு 17,280 துடிப்பு கிடைக்கிறது, இசட்80-இன் ஒரு துடிப்புக்கு 77. மிகக் குட்டிக் கட்டளையே நான்கு துடிப்பு என்பதால், சி மொழியில் எழுதிய எமுலேட்டருக்குத் தாராளம். வேலை முடிந்ததும் ஒரு பின்னை உயர்த்தி, வரி தொடங்கும்போது தாழ்த்தி லாஜிக் அனலைசரில் பார்த்தால், பெரும்பாலான வரிகளில் பாதி நேரம் அது உயர்ந்தே நிற்கிறது.

படம் வரையும் கணத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. அசல் யூஎல்ஏ ஒரு வரியின் 256 பிக்சலை 128 துடிப்பில் வரைகிறது, மீதி 96 துடிப்பு பார்டருக்கும் ஒத்திசைவுக்கும். அதனால் நானும் 128 துடிப்பு ஓட்டி, அந்த வரியின் 32 பைட் படத்தையும் 32 பைட் நிறத்தையும் நகல் எடுத்துவிட்டுத்தான் மீதி 96-ஐ ஓட்டுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் நிறத்தை மாற்றி எழுதும் புரோகிராம்களில் பெரும்பாலானவை இதிலேயே சரியாக வந்துவிடுகின்றன. வரியின் நடுவிலேயே மாற்றுபவை வராது. அதற்காக எமுலேட்டரை நான்கு துடிப்பு நான்கு துடிப்பாக உடைக்க எனக்கு மனமில்லை.

நகல் எடுத்ததை இரண்டாவது கோர் டிவிஐ சின்னங்களாக மாற்றுகிறது. ஸ்பெக்ட்ரமின் நிறம் எட்டு, அதில் மங்கல், பிரகாசம் என்று இரண்டு நிலை. கறுப்பு இரண்டிலும் ஒன்றே என்பதால் மொத்தம் 15. எனவே கணக்கே போடாமல் 16 வரிசை உள்ள ஒரு சிறிய அட்டவணையைப் பார்த்து எழுதினால் போதும். நிற பைட்டில் முதல் மூன்று பிட் எழுத்தின் நிறம், அடுத்த மூன்று பின்னணி, ஆறாவது பிட் பிரகாசம், ஏழாவது மினுக்கல். 16 ஃப்ரேமுக்கு ஒரு முறை இரு நிறமும் இடம் மாறுவதுதான் அந்த மினுக்கல்.

ஒலிக்கு வருவோம். ஸ்பெக்ட்ரமின் ஸ்பீக்கர் ஒற்றை பிட், 254-ஆவது போர்ட்டின் நான்காம் பிட். உயர்வு அல்லது தாழ்வு, நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு வரியில் எத்தனை துடிப்பு அது உயர்ந்திருந்தது என்று மட்டும் எண்ணுகிறேன். விடை 0 முதல் 224-க்குள் வரும். துடிப்பின் அகலத்தை மாற்றி ஒலியளவைக் காட்டும் பைக்கோவின் பிடபிள்யூஎம் பகுதியில் உச்ச எண்ணையும் 224 என்று வைத்துவிட்டால், எண்ணியதை அப்படியே எழுதலாம், பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம். நொடிக்கு 15,600 சாம்பிள் ஆகிறது. ஒற்றை பிட்டை வேகமாகத் தட்டி இரண்டு மூன்று குரல் ஒலிக்கவைக்கும் இசைப் புரோகிராம்கள்கூட இதில் தெளிவாகவே கேட்கின்றன.

கேசட் பக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இசட்80 ஒரு வரியை 64 மைக்ரோ நொடியில் நிதானமாக ஓட்டவில்லை. பாதி நேரத்தில் ஓடிவிட்டு நிற்கிறது. ஓடும்போது நிஜப் பின்னைப் படித்தால் நேரம் திரிந்துபோகும். இரண்டாவது பிஐஓவில் ஒரு குட்டி நிரல் போட்டேன்: 2 மைக்ரோ நொடிக்கு ஒரு முறை பின்னைப் பார், ஒரு பிட்டாகச் சேர், 32 பிட் நிறைந்ததும் தள்ளு. 32 × 2 என்றால் 64. ஒரு வரிக்குச் சரியாக ஒரு 32 பிட் சொல், ஒவ்வொரு பிட்டும் இசட்80-இன் 7 துடிப்பு. இசட்80 போர்ட்டைப் படிக்கும்போது, வரியில் தான் இருக்கும் துடிப்பை ஏழால் வகுத்து, முந்தைய வரியின் சொல்லிலிருந்து அந்த பிட்டைக் கொடுக்கிறேன். எல்லாம் ஒரு வரி தாமதமாகக் கேட்கும், ஆனால் இடைவெளிகள் உண்மையானவை. ஃப்ரேம் கடைசியில் மிஞ்சும் அரை வரி சாம்பிளைத் தூக்கிப் போட்டுவிட்டு பிஐஓவை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு சொல் வீதம் பின்தங்கிக்கொண்டே போகும்.

நினைவகப் போட்டியையும் விட முடியாது. 16384 முதல் 32767 வரையுள்ள ராமை யூஎல்ஏவும் இசட்80-உம் பங்குபோட்டுக்கொள்கின்றன, ஒரே குழாயடியில் இரண்டு குடம் மாதிரி. படம் வரையும் நேரத்தில் முன்னுரிமை யூஎல்ஏவுக்கு. இசட்80-இன் கடிகாரத்தையே அது நிறுத்திவைக்கும். காத்திருக்க வேண்டிய துடிப்பு எட்டுக்கு ஒரு சுற்றாக 6, 5, 4, 3, 2, 1, 0, 0 என்று வரும். ஃப்ரேமின் தொடக்கத்தில் இசட்80-க்கு வரும் குறுக்கீட்டிலிருந்து (இன்டரப்ட்) 14,335-ஆவது துடிப்பில் இது தொடங்குகிறது. 8 இடமுள்ள அட்டவணை ஒன்று போதும். இதைச் சேர்க்காவிட்டால் பேசிக் ஒழுங்காக ஓடும், விளையாட்டுகள் சிறிது வேகமாக ஓடும், பார்டர் வித்தைகள் மட்டும் கோணல்மாணலாகிவிடும்.

இசட்80 எமுலேட்டரை பைக்கோவில் ஏற்றுவதற்கு முன் மேசைக் கணினியிலேயே சோதித்தேன். ஜெக்ஸால் என்ற சோதனைப் புரோகிராம் ஒவ்வொரு கட்டளைக் குடும்பத்தையும் ஏராளமான மதிப்புகளோடு ஓட்டி, விடைகளின் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணை நிஜச் சில்லின் எண்ணோடு ஒப்பிடும். கையேட்டில் இல்லாத கொடிப் பிட்டுகளான மூன்றையும் ஐந்தையும்கூட அது விடாது. இதில் தேறாத எமுலேட்டரை வைத்துக்கொண்டு விளையாட்டு ஏன் தொங்குகிறது என்று தேடுவது வீண் வேலை.

ரோமைப் பற்றி ஒரு வார்த்தை. 1986-இல் சின்க்ளேரின் கணினித் தொழிலை ஆம்ஸ்ட்ராட் வாங்கியது. காப்புரிமை வாசகத்தை மாற்றாத வரை எமுலேட்டர்களோடு ரோமைக் கொடுக்க அவர்கள் பிற்பாடு அனுமதித்தார்கள். ஆகவே தொடக்கத் திரை வாசகத்தில் நான் கைவைக்கவில்லை.

விசைகள்

ஸ்பெக்ட்ரம் கீபோர்டு எட்டு அரை வரிசை, ஐந்து நெடுவரிசை. எட்டும் முகவரிக் கம்பிகளின் மேல் பாதி, ஐந்தும் 254-ஆவது போர்ட்டின் கீழ் பிட்டுகள். நேராக இணைத்தால் 13 பின். டிவிஐக்கு 8, ஸ்பீக்கருக்கு 1, கேசட்டுக்கு 1, எஸ்டி கார்டுக்கு 4. கூட்டினால் 27, இருப்பதோ 26. எட்டு வரிசைகளையும் வரிசையாக வரும் பிட்டுகளை எட்டு வெளியீடுகளாகப் பிரித்துத் தரும் ஒரு 74எச்சி595 ஷிஃப்ட் ரிஜிஸ்டர் வழியாக ஓட்டினால் எட்டுப் பின்னின் வேலை மூன்றில் முடியும், மொத்தம் 22.

ஷிஃப்ட் ரிஜிஸ்டரின் வெளியீடுகள் எப்போதும் உயர்வு அல்லது தாழ்வு என்று விறைப்பாக நிற்பவை. ஒரே நெடுவரிசையில் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் இரண்டு வெளியீடும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு 1என்4148 டயோடு, கேத்தோடு ரிஜிஸ்டர் பக்கம் பார்த்து. அசல் போர்டிலும் கீபோர்டு வரிசைகளுக்கு இதே மாதிரி எட்டு டயோடுகள் உண்டு. இங்கே நெடுவரிசைக் கம்பியை உயர்வில் வைத்திருக்கும் புல்அப் ரெசிஸ்டரை மிகக் குறைந்த ஓமில் போடக் கூடாது. 1 கிலோஓம் போட்டால் டயோடில் விழும் மின்னழுத்தம் 0.7 வோல்ட்டை நெருங்கும், பைக்கோ தாழ்வு என்று ஏற்கும் எல்லை 0.8. பைக்கோவின் உள் புல்அப் பல்லாயிரம் ஓம் என்பதால் மின்னோட்டம் சொற்பம், டயோடில் விழுவதும் அரை வோல்ட் அளவோடு நின்றுவிடும்.

ஒரு வரி முடிந்து நிற்கும் ஓய்வில் ஒரு விசை வரிசையைப் படித்துவிட்டு, அடுத்த வரிசையைத் தாழ்த்திவைக்கிறேன். அடுத்த முறை படிக்கும்வரை முழு 64 மைக்ரோ நொடி இருப்பதால் கம்பிகள் நிதானமாகச் சமநிலைக்கு வந்துவிடும். எட்டு வரியில் கீபோர்டு முழுக்கப் படித்தாயிற்று. இசட்80, மேல் பாதி முகவரியில் பல பிட்டுகளை ஒரே சமயம் பூஜ்யமாக வைத்துக் கேட்டால், அந்த வரிசைகளை எல்லாம் 'அண்ட்' செய்து கொடுக்க வேண்டும். “ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள்” என்று நிற்கும் புரோகிராம்கள் அப்படித்தான் கேட்கும்.

இசட், எக்ஸ், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அழுத்தாத டி-யும் அழுத்தியதாகத் தெரியும். விசைக்கு ஒரு டயோடு போட்டால் இது போய்விடும். அசலிலும் இந்தப் பேய் விசை உண்டு என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

ரப்பர் விரிப்புக்கு வருவோம். விசைகளுக்கு இடையே 9.5 மி.மீ., அடியில் சாதாரண டாக்ட் சுவிட்ச், மேலே சிலிக்கோன் வார்ப்பு. அச்சை ரெசின் பிரிண்டரில் எடுத்தேன், ஓரங்கள் கூர்மையாக வர வேறு வழியில்லை. ஆனால் பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் ரெசின் அச்சைத் தொட்டால் அந்தப் பரப்பில் உறையாது, பிசுபிசுவென்று அப்படியே நிற்கும். தகரம் வகைச் சிலிக்கோனுக்கு இந்தத் தொல்லை இல்லை. காலப்போக்கில் கொஞ்சம் சுருங்கும் என்பார்கள், இந்த அளவுக்கு அது பொருட்டில்லை. நிறத்துக்கு நீலம் கலந்த சாம்பல். முதல் தொகுதி இயந்திரங்களில் விசைகள் வெளிர் சாம்பலாக இருந்தன, பிறகு வந்தவைதான் நீலச் சாம்பல்.

எழுத்து போடுவதுதான் உண்மையான சோதனை. சிலிக்கோனில் எந்த மையும் ஒட்டாது, சிலிக்கோனைத் தவிர. அதனால் அச்சிலேயே எழுத்துகளை 0.3 மி.மீ. புடைப்பாக வைத்தேன். வார்த்து எடுத்தால் விசையில் அதே ஆழத்தில் குழி விழும். வெள்ளை நிறமி கலந்த சிலிக்கோனை அதன் மேல் தடவி, பிளாஸ்டிக் அட்டை ஒன்றை ஏறக்குறைய படுக்கையாகச் சாய்த்து, ஒரே இழுப்பில் வழித்துவிட வேண்டும். செங்குத்தாகப் பிடித்து வழித்தால் அட்டையின் முனை குழிக்குள் இறங்கி வெள்ளையை வாரிக்கொண்டு போய்விடும். 'ஓ'வின் நடுவில் இருக்கும் தீவு மட்டும் வழிக்கும்போது வளைந்து கொடுத்து, ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் படலத்தைப் பிடித்துக்கொள்கிறது. உறைந்த பிறகு ஊசி முனையால் தூக்கினால் அது உரிந்து வந்துவிடும்.

அசலில் ஒவ்வொரு விசையிலும் எழுத்தோடு பேசிக் சொல், குறியீடு என்று நெருக்கியடித்து இருக்கும். பாதி அளவில் அத்தனையும் விசை மேல் வராது. எழுத்து மட்டும் விசையில், சொற்கள் எல்லாம் முகப்புத் தகட்டில் ஒட்டும் படலத்தில். அந்தச் சொற்கள் இல்லாமல் முடியாது. ஸ்பெக்ட்ரமில் யாரும் கட்டளையை எழுத்து எழுத்தாக அடிப்பதில்லை. கே கர்சர் மினுக்கும்போது பி-யைத் தட்டினால் 'பிரிண்ட்' என்ற முழுச் சொல்லும் விழும், ஜே-யைத் தட்டினால் 'லோட்'.

கூடு

கூட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாய்வான மேல்பகுதி, வலது மூலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெளிர்நீலப் பட்டைகள், முப்பரிமாண அச்சு, நிறைய உப்புத்தாள். தொல்லை பின்பக்கம். கணினி பாதியாகலாம், சாக்கெட்டுகள் பாதியாகாது. 3.5 மி.மீ. கேசட் சாக்கெட் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிவதைத் தவிர்க்க முடியவில்லை. எச்டிஎம்ஐக்கு மினி வகையைப் போட்டேன். அசலில் விரிவாக்கத்துக்கென்று இருந்த 56 முனை எட்ஜ் கனெக்டரின் நீள வெட்டு இங்கே நன்றாக உதவியது. பாதி அளவிலும் அதில் மைக்ரோ எஸ்டி கார்டு தாராளமாக நுழைகிறது.

மின்சாரம் கொடுத்தபோது

முதலில் பார்க்க வேண்டியது காப்புரிமை வாசகத்தை அல்ல, அதற்கு முந்தைய ஒரு கண நேரத்தை. ரோம் எழுந்ததும் ராம் முழுக்க 2 என்ற எண்ணை எழுதி, பிறகு ஒவ்வொரு பைட்டையும் சோதிக்கும். திரை நினைவகத்தில் 2 என்றால் எட்டு பிக்சலில் ஒன்று மட்டும் எரியும். நிற நினைவகத்தில் 2 என்றால் கறுப்பின் மேல் சிவப்பு. எனவே கறுப்புத் திரையில் மெல்லிய சிவப்புச் செங்குத்துக் கோடுகள் தோன்றி மறையும். படம், நிறம், ராம், இசட்80 நான்கும் சரி என்பதற்கு இதைவிட விரைவான சான்று கிடையாது. கோடுகள் வந்து அப்படியே நின்றுவிட்டால் ராம் சோதனைப் பகுதியில் தேட வேண்டும். வேறு நிறத்தில் வந்தால் டிவிஐ கம்பிச் சோடிகள் இடம் மாறியிருக்கின்றன.

அடுத்து கேசட். போனின் ஹெட்போன் வெளியீட்டிலிருந்து 100 நானோஃபாரட் கபாசிட்டர் வழியாக, இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர்களின் நடுப்புள்ளிக்கு, அங்கிருந்து 1 கிலோஓம் வழியாகப் பின்னுக்கு. மங்கலான சிக்னலைத் தெளிவான உயர்வு, தாழ்வாக மாற்றும் ஷ்மிட் ட்ரிகர் பைக்கோ பின்னிலேயே இருப்பதால் தனிச் சில்லு வேண்டாம். போனில் ஈக்வலைசர், ஒலி மேம்பாடு எது இருந்தாலும் அணைத்துவிட்டு, ஒலியளவை முக்கால்வாசிக்கு மேல் வையுங்கள்.

ஜே தட்டி, சிம்பல் ஷிஃப்ட்டோடு பி இரண்டு முறை, என்டர். முன்னோட்ட ஒலியின் ஒவ்வொரு அரை அலையும் 2,168 துடிப்பு, வரிக் கணக்கில் 9.7. பார்டரில் சிவப்பும் வெளிர்நீலமும் மாறி மாறி ஏறத்தாழ பத்து வரித் தடிமனில் வருகின்றன. இரண்டு அரை அலை 4,336 துடிப்பு. ஒரு ஃப்ரேமில் அது 16 முறை போக 512 துடிப்பு மிஞ்சும், அதாவது இரண்டு வரிக்குச் சற்று மேல். அந்த மிச்சத்தால்தான் கோடுகள் ஓரிடத்தில் நிற்காமல் மெதுவாக மேலே உருளுகின்றன. நகலில் அந்த அரை வரி ஓய்வும் சேர்வதால் மிச்சம் 624 ஆகி, உருளும் வேகம் கொஞ்சம் கூடும். அசலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவருக்கு மட்டும் தெரியலாம். தலைப்புப் பகுதிக்கு முன்னோட்டம் 5 நொடி, தரவுப் பகுதிக்கு 2 நொடி. பிறகு நீலமும் மஞ்சளும். பூஜ்யத்துக்கு அரை அலை 855 துடிப்பு, ஒன்றுக்கு 1,710. நான்கு வரி, எட்டு வரி என்று தடிமன் மாறி மாறி வருவது கண்ணுக்கே தெரியும். தொடக்கப் படமான 6,912 பைட் திரையை மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்காக நிரப்பி, கடைசி 768 பைட்டில் நிறங்கள் மேலிருந்து கீழே பூசிக்கொண்டு வர, சுமார் 40 நொடி.

எஸ்டி கார்டிலிருந்து உடனடியாக ஏற்றும் வழியும் வைத்திருக்கிறேன். ரோமில் 1366-ஆவது முகவரிக்கு இசட்80 வந்ததும் பிடித்து நிறுத்தி, டேப் கோப்பிலிருந்து பைட்டுகளை நேராக ராமில் போட்டுவிடலாம். நிரலைத் திருத்தித் திருத்திச் சோதிக்கும்போது அது இல்லாமல் முடியாது. விருந்தினருக்குக் காட்டும்போது கேசட்தான்.

720 × 576-ஐ டிவிகள் பெரும்பாலும் ஏற்கின்றன, சில கணினி மானிட்டர்கள் ஏற்பதில்லை. அவற்றுக்காக, கேப்ஸ் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இயக்கினால் 640 × 480-க்குப் போகும்படி வைத்திருக்கிறேன். அங்கே இரண்டு வரியின் நேரம் 63.5 மைக்ரோ நொடி, ஃப்ரேமில் வரியும் போதாது. அதனால் இசட்80 தனி டைமரில் 64 மைக்ரோ நொடி நடையைத் தொடர்கிறது, படம் மட்டும் முழுதாகச் சேமிக்கப்பட்டு 60-இல் போகிறது. ஒலியும் கேசட்டும் கெடுவதில்லை. அந்த விக்கல் திரும்பிவிடுகிறது.

இனி ஜாய்ஸ்டிக். கெம்ப்ஸ்டன் வகை 31-ஆவது போர்ட்டில் ஐந்து பிட்: வலம், இடம், கீழ், மேல், சுடு. மிச்சம் இருப்பது நான்கு பின். ஐந்து தனிப் பின் தேவையில்லை. அதே ஐந்து நெடுவரிசைகளில் ஒன்பதாவது வரிசையாக ஜாய்ஸ்டிக்கை இணைத்து, அந்த வரிசைக்கு மட்டும் ஒரு பின்னும் ஒரு டயோடும் கொடுத்தால் போதும். படிப்பதைத் தலைகீழாக்கித் தர வேண்டும், கெம்ப்ஸ்டனில் அழுத்தினால் ஒன்று, கீபோர்டில் அழுத்தினால் பூஜ்யம். ஒன்பது முனை சாக்கெட் 15 மி.மீ. கூட்டின் பின்பக்கத்தை முழுக்க அடைத்துக்கொள்ளும் என்பதால், எட்ஜ் கனெக்டர் வெட்டு வழியாகச் சிறு கேபிளில் வெளியே விடப்போகிறேன்.